பாதிரியார் இடுக்கில் பதினான்கு முறை

ரடக் என்ற பனிச்சறுக்கு மலையில் நான் வேன் ஓட்டுகிறவன். பன்னிரண்டு குளிர்காலமாக அதே வேன். முன்பு ஏதோ ரொட்டிக் கம்பெனியில் ஓடியது. உள்ளே இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டுத் தரையில் ரப்பர் விரித்திருக்கிறோம். மலையின் எந்தப் பக்கமாகச் சறுக்கி இறங்கினாலும் கடைசியில் சாலையில்தான் வந்து விழவேண்டும். அங்கே நான் நிற்பேன். எட்டுப் பேரை அள்ளிப் போட்டுக்கொண்டு லிஃப்ட் அடிவாரத்தில் கொண்டுவந்து கொட்டுவேன். இவ்வளவுதான் வேலை. இதற்கு வாய் தேவையே இல்லை. எனக்கு வந்த கஷ்டமெல்லாம் வாயால் வந்தது.

எங்கள் மலைக்குச் சொகுசு தேடி யாரும் வருவதில்லை. கம்பியில் நாற்காலிகள் தொங்குகிற ஒரே ஒரு லிஃப்ட், அதுவும் வேறு ஊரில் கழற்றிப்போட்டதை ஃபெரிஸ் வாங்கிவந்து நட்டது. மலையும் ஃபெரிஸுக்குத்தான் சொந்தம். விறகடுப்பு வைத்த ஒரு கித்தான் கூடாரம் உண்டு. குழாய்த் தண்ணீர் கிடையாது. கழிப்பறை ஒரு மரப்பெட்டி. வடக்கிலிருந்து காற்றடித்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் நல்ல காட்சி கிடைக்கும். லிஃப்டின் உச்சியில் இறங்கிப் சறுக்குப் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு முகட்டில் ஒரு மணி நேரம் நடந்தால்தான் நல்ல சரிவுகள் வரும். வழிகாட்டி இல்லாமல் யாரையும் விடமாட்டோம். நெஞ்சில் பீக்கன் கட்டாதவனை லிஃப்டில் ஏற்றவும் மாட்டோம். பனிச்சரிவில் புதைந்துபோனால் அந்தக் கருவி போடும் சத்தத்தைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தோண்டி எடுக்கவேண்டும்.

இந்த மலையின் வடகிழக்கு முகத்தில் பாதிரியார் இடுக்கு இருக்கிறது. இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில், இரண்டு ஆள் கைகோத்து நிற்கிற அகலத்தில், முந்நூறு மீட்டர் கீழே இறங்குகிற பனிச்சந்து. மேல் விளிம்பில் நிற்பவன் நாத்திகனாக இருந்தாலும் ஒரு ஜெபம் சொல்லிவிடுவான் என்பதால் அந்தப் பெயர். நான் அதில் பதினான்கு முறை இறங்கியிருக்கிறேன். அதாவது வேனில் உட்கார்ந்துகொண்டு, வாயால்.

எடுத்தவுடனே பதினான்கு என்று சொல்ல நான் ஒன்றும் அயோக்கியன் இல்லை. முதல் வருடம் ஒன்று என்றுதான் சொன்னேன். மறுவருடம், போன வருடம் இறங்கியவன் இந்த வருடம் இறங்காமலா இருப்பான் என்று எனக்கே தோன்றியதால் இரண்டு. அப்புறம் ஒரு வாரம் கலிஃபோர்னியாக் கல்லூரிப் பெண்கள் வந்திருந்தார்கள். அந்த வாரம் மட்டும் மூன்று கூடியது. எனக்கு ஐம்பத்தொரு வயது, தொப்பை ஸ்டியரிங்கைத் தொடும். கேட்கிறவர்கள் என்னையும் தொப்பையையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் வருகிற மரியாதைக்கு நான் அடிமையாகிப் போனேன். வேறு எங்கேயும் எனக்கு அது கிடைக்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் ஹாலிஸ் ப்ராக் வந்தார். கான்சாஸ்காரர், வயல்களுக்குப் பாசனக் குழாய் விற்கிறவர். அவர் ஊரில் மிக உயரமான இடம் தானியக் கிடங்கின் கூரை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். போன வருடம் ஒரு நாள் மட்டும் வந்து, லிஃப்டிலிருந்து நேராக இறங்குகிற கீழ்ச்சரிவுகளில் சறுக்கிவிட்டு என் வேனில் ஏறியவர். இந்த முறை மூன்று நாளுக்குப் பதிவு செய்திருந்தார். முதல் நாள் காலை கூடாரத்துக்கு வெளியே என்னைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"லோவெல்! என்னை ஞாபகம் இருக்கா?"

"இல்லாம?" என்றேன். இல்லை.

"போன வருஷம் நீங்க சொன்னதை நான் மறக்கவே இல்லைங்க. 'பாதிரியார் இடுக்குல என்ன இருக்கு, முழங்காலை மடக்கி மனசை லேசா வச்சுக்கிட்டா மாடிப்படி இறங்குற மாதிரி'ன்னு சொன்னீங்க பாருங்க. வருஷம் பூரா அதே நெனப்புதான். ஜிம்முக்குப் போனேன். பன்னெண்டு கிலோ கொறைச்சிருக்கேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் பெருமையைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. என் டாக்டர் பத்து வருடமாகக் கெஞ்சியும் நான் ஒரு கிலோ குறைக்கவில்லை. என் ஒரு வாக்கியத்துக்கு இந்த மனிதர் பன்னிரண்டு கிலோ குறைத்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் குழுவுக்கு வழிகாட்டி டோனெட்டா ஓல்கின். முப்பத்தெட்டு வயது, என் தோள் உயரம், வீண்பேச்சு கிடையாது. கோடையில் சுரங்க மீட்புக் குழுவில் வேலை பார்க்கிறவள். எங்களிடம் சேர்ந்து இரண்டாவது குளிர்காலம். குழுவில் ஹாலிஸைத் தவிர யூட்டாவிலிருந்து வந்த டால்டன், ரீஸ் என்ற அண்ணன் தம்பி. மொன்டானாவிலிருந்து பெர்னிஸ் ஹோவ்லண்ட் என்ற அறுவை மருத்துவர். ஐந்தாவதாக ஒரு டெக்ஸாஸ்காரர். முந்தின நாள் ஊர்க் கடையில் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய பரீட்டோ ரொட்டிச் சுருள் மூன்று தின்றுவிட்டு, காலையிலிருந்து மரப்பெட்டியை விட்டு அவர் வெளியே வரவில்லை.

"அப்ப ஒரு இடம் காலியாத்தானே இருக்கு?" என்றார் ஹாலிஸ். "லோவெல் வரட்டுமே! பதினாலு தடவை எறங்கின மனுஷன் கூட வந்தா எனக்கும் தெம்பா இருக்கும்."

நான் ஃபெரிஸைப் பார்த்தேன். அவர் டிக்கெட் மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். 'வேனை யார் ஓட்டுவது' என்று அவர் கேட்டால் போதும், நான் தப்பித்தேன்.

"வேனை நான் ஓட்டிக்கிறேன்," என்றார் ஃபெரிஸ், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போயிட்டு வாயேன்ப்பா. ரொம்ப நாளாச்சுல்ல?"

டோனெட்டா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வர்றீங்களா லோவெல்?"

முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம். முழங்கால் நிஜமாகவே வலிக்கும். ஆனால் ஹாலிஸ் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "பலகையை எடுத்துட்டு வந்துடறேன்," என்றது என் வாய்.

முதல் இறக்கம் சோதனைக்கு. லிஃப்டுக்குக் கீழேயே புதுப்பனியில் இறங்கினோம். புதுப்பனி ஆளை மன்னித்துவிடும். எப்படித் திரும்பினாலும் மெத்தை மாதிரி தாங்கிக்கொள்ளும். அதில் நானும் சுமாராகச் சறுக்குவேன். எனக்கு முன்னால் இறங்கிய ஹாலிஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் சாய்ந்தார். பயப்படுகிறவன்தான் பின்னால் சாய்வான். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பெரிய அறிவு தேவைப்படவில்லை, நானும் அப்படித்தான் சாய்வேன். டோனெட்டா கீழே நின்று எல்லோரையும் பார்த்தாள். ஹாலிஸைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு தலையசைத்தாள்.

மறுபடி லிஃப்டில் ஏறி உச்சியில் இறங்கியதும் எங்களை வட்டமாக நிறுத்தினாள்.

"இடுக்குல பனிச்சரிவு பயம் இன்னிக்கு கம்மிதான். மேல போய் இன்னொரு தடவை பார்ப்பேன். ஆனா காத்து அடிச்சு அடிச்சு பனி இறுகிப் போயிருக்கு. விழுந்தா நிக்காது, நேரா கீழதான். யாருக்காவது வேணாம்னா இங்கயே சொல்லிடுங்க. ஒண்ணும் தப்பில்ல. நானே எத்தனையோ நாள் வேணாம்னு திரும்பியிருக்கேன்."

ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். ஹாலிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, கேட்டது டோனெட்டா; அவர் பதில் சொன்னது எனக்கு.

முகட்டில் ஒரு மணி நேரம் நடந்தோம். முதுகில் பலகைகள், இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் டோனெட்டா காலால் குத்திக் குத்திப் போட்ட படிகள். ஓரிடத்தில் வீட்டுக்கூரை உயரத்துக்கு ஒரு பாறை. கையைக் காலை ஊன்றித் தொற்றி ஏறவேண்டியிருந்தது. அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொண்டே ஏறினார்கள். எனக்கு மூச்சு விடவே காற்று போதவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஓயாமல் வேண்டிக்கொண்டு வந்தேன்: பனி கெட்டுப் போயிருக்க வேண்டும், டோனெட்டா வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், நான் உச்சுக்கொட்டி வருத்தப்பட்டுவிட்டுக் கௌரவமாகத் திரும்பிவிட வேண்டும்.

விளிம்புக்குப் போனதும் அவள் ஒரு சதுரமாகப் பனியை ரம்பத்தால் அறுத்து, மேலே மண்வாரியை வைத்துக் கையால் தட்டினாள். அடுக்குகள் பிரிந்தால் ஆபத்து. மணிக்கட்டால் தட்டினாள். முழங்கையால் தட்டினாள். தோளிலிருந்து ஓங்கி அடித்தாள். அது அசையவே இல்லை. உலகத்தில் எந்தப் பொருளையும் நான் அந்தப் பனிக்கட்டியை வெறுத்த மாதிரி வெறுத்ததில்லை.

"நல்லா பிடிச்சிருக்கு," என்றாள்.

"சே, இன்னும் கொஞ்சம் இறுகியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

டோனெட்டா திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப நல்லதாப் போச்சு லோவெல். நான் மொதல்ல எறங்கி, பாதியில வலது பக்கம் ஒரு பாறைக் குழி இருக்குல்ல, அங்க நின்னுக்கறேன். நீங்க கடைசியா வாங்க. மேல நின்னு ஒவ்வொருத்தரா அனுப்புங்க. உங்களுக்குத்தான் எடம் தெரியுமே."

"தெரியும்," என்றேன்.

அவள் பூட்ஸ் பூட்டுகளை இறுக்கக் குனிந்தாள். நான் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் பார்த்தது அப்படியே இருந்தது, கொஞ்சமும் சின்னதாகவில்லை. சாம்பல் நிறச் சுவர்கள், நடுவே மினுங்குகிற வெள்ளை, அடியில் கடுகு மாதிரி மரங்கள். கதையில் அதை நான் எவ்வளவோ அகலமாக்கி வைத்திருந்தேன்.

அப்போது ஹாலிஸ் பக்கத்தில் வந்து நின்றார். முகம் அரிசிமாவு பூசியது போல இருந்தது. மெதுவாகக் கேட்டார்:

"லோவெல், அந்த மொதல் திருப்பம். நீங்க எந்தப் பக்கம் திரும்புவீங்க?"

"எடது," என்றேன்.

இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டார், வந்தது. கடையில் மணி கேட்டால் சொல்வது போல.

"எடது," என்றார் அவர். கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. "எடது. முழங்காலை மடக்கி, மனசை லேசா வச்சு, எடது."

இந்த மனிதர் இடதுபக்கம் திரும்பப் போகிறார். ஒரு வருடம் உடம்பைக் குறைத்து, கான்சாஸிலிருந்து ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்டிவந்து, என் வாயில் தற்செயலாக வந்த ஒரு சொல்லை நம்பி, விழுந்தால் நிற்காத பனியில் இடதுபக்கம் திரும்பப் போகிறார்.

டோனெட்டா பலகை முனைகளை விளிம்புக்கு வெளியே நகர்த்தினாள்.

"டோனெட்டா!"

"என்ன?"

"உன் ஹெல்மெட் பட்டை."

தொட்டுப் பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு."

"ஆமா. சரியாத்தான் இருக்கு."

மறுபடி நகர்த்தினாள்.

"டோனெட்டா!"

"இப்ப என்ன?"

"வானம் ஒரு மாதிரியா இருக்குல்ல?"

ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். ஒரு மேகத் துணுக்குகூட இல்லை. கண் கூசுகிற நீலம்.

"லோவெல்," என்றாள் டோனெட்டா, குரலைத் தாழ்த்தி. "ஒடம்பு சரியில்லையா?"

"நான் இதுல எறங்கினதே இல்ல."

"இந்த வருஷமா?"

"எந்த வருஷமும்."

அவள் பலகைகளைப் பின்னால் இழுத்து, குறுக்காகத் திருப்பி வைத்தாள். "பதினாலு தடவைன்னு சொல்லுவீங்களே?"

"அதுல ஒண்ணுகூட இல்ல."

"ஒரு தடவைகூடவா? வேன்ல அளந்து விடறீங்கன்னு தெரியும். ஆனா ஒண்ணு ரெண்டாவது நெஜமா இருக்கும்னு நெனச்சேன்."

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு குழுவோடு இங்கே வந்ததை. இதே இடத்தில் நாற்பது நிமிடம் நின்றதை. மற்றவர்கள் இறங்கிப்போக, அந்த வழிகாட்டி என்னைக் கையைப் பிடித்து வேறு வழியாகக் கூட்டிப்போனதை. கீழே அப்போதைய வேன்காரர் 'எப்படி இருந்துச்சு' என்று கேட்டார். 'செம' என்றேன். அந்த ஒரு சொல்தான் முதல். மற்றதெல்லாம் அதன் குட்டிகள்.

ஹாலிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்ப எடதுன்னு சொன்னீங்களே?"

"சும்மா சொன்னதுங்க. வலதுன்னும் சொல்லியிருப்பேன். வாயில வந்துச்சு."

டோனெட்டாவின் முகம் மாறியது. "எடதுன்னா சொன்னீங்க? எடது பக்கம் பனிக்கு அடியில பாறை இருக்கு. ஒரு விரக்கடைப் பனிதான் மூடியிருக்கு. மொத திருப்பம் எப்பவும் வலதுதான்." அதை அவள் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹாலிஸ் பனியில் உட்கார்ந்துவிட்டார். கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "நானும் பொய்தாங்க சொன்னேன்," என்றார் பனியைப் பார்த்து. "பதிவுப் படிவத்துல. 'இந்த மாதிரி சரிவுல இருபது தடவைக்கு மேல'ன்னு எழுதினேன். ஒரு தடவைகூட இல்ல. இவரே எறங்குறாரு, இந்தத் தொப்பையோட, நம்மால முடியாதான்னு..."

அவமானத்தில் முங்கிக்கிடந்த எனக்கு அந்தத் தொப்பை விஷயம் தனியாகச் சுட்டது. மனித மனம் எவ்வளவு கேவலமானது பாருங்கள்.

தம்பிக்காரன் ரீஸுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்ப நாங்க மூணு பேரும் எறங்குறோம். இவங்க ரெண்டு பேரும் வந்த வழியே நடந்து போகட்டும்."

"குழுவைப் பிரிக்க மாட்டேன்," என்றாள் டோனெட்டா. "ஏறி வந்த அந்தப் பாறையில இவங்க தனியா எறங்கினா ரெண்டு பொணம்தான். எல்லாரும் பின்பக்கமா எறங்குறோம்."

"பின்பக்கமா? அது ஆடு மேயுற எடம்ல?"

"டேய், விடுடா," என்றான் டால்டன். ஆனால் அவன் என்னைப் பார்த்த பார்வையில் 'விடுடா' இல்லை.

டோனெட்டா வாக்கிடாக்கியை எடுத்தாள். "ஃபெரிஸ், இடுக்கு இன்னிக்கு இல்ல. பின்பக்கமா வர்றோம். வேனை ஓடைச் சாலைக்குக் கொண்டு வாங்க. மூணு மணி நேரம் ஆகும்."

"காரணம்?" என்றது ஃபெரிஸின் குரல்.

அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கருவியை என் கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க."

எங்கள் மலையில் ஒரே அலைவரிசைதான். நான் பேசினால் எல்லா வழிகாட்டிகளுக்கும், லிஃப்ட் ஓட்டுகிறவருக்கும், கூடாரத்தில் அடுப்புக்கு விறகு போடுகிறவருக்கும் கேட்கும். பொத்தானை அழுத்தினேன். "ஃபெரிஸ், நான் லோவெல். நான் பாதிரியார் இடுக்குல ஒரு தடவைகூட எறங்கினதில்ல. அதான் காரணம்."

கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு ஃபெரிஸ் சொன்னார்: "அது எங்களுக்குத் தெரியும்ப்பா."

"எப்பருந்து?"

"நாலாவதுலருந்து. முழங்கால் வலின்னு நீ நழுவிடுவேன்னு நெனச்சுத்தான் காலையில போகச் சொன்னேன்."

"நான் ஏழாவதுலருந்து," என்றது இன்னொரு குரல். எங்கோ யாரோ சிரித்தார்கள்.

டோனெட்டா கருவியை என் கையிலிருந்து பிடுங்கினாள். "எனக்குத் தெரியாது ஃபெரிஸ்," என்றாள். "நான் இவரைக் கடைசி ஆளா மேல நிறுத்தியிருந்தேன். மத்தவங்களை அனுப்பறதுக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஃபெரிஸ், "வேனைக் கொண்டு வர்றேன்," என்று மட்டும் சொன்னார்.

பின்பக்கச் சரிவு நிஜமாகவே கோடையில் ஆடு மேய்கிற இடம். சறுக்கிப் போகிற அளவுக்குச் சாய்வு கிடையாது, நடந்து போகிற அளவுக்குப் பனி இறுகவில்லை. இடுப்பளவு பனியில் பலகைகளைத் தள்ளித் தள்ளிப் போனோம். உலகத்திலேயே கடினமான சரிவுக்காகப் பணம் கட்டி வந்த மூன்று பேர், என் புண்ணியத்தில், ஆறு கிலோமீட்டர் சமதரையில் துடுப்புப் போட்டார்கள். ரீஸ் அரை மணிக்கு ஒருமுறை, யாரிடமும் இல்லாமல் காற்றிடம், "செமடா, செம," என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

ஓடைக்கரைக்கு வந்ததும் ஒரு சின்ன இறக்கம், பத்தடி இருக்கும். ஹாலிஸ் ஒழுங்காக இறங்கினார். டாக்டர் இறங்கினார். நான் ஒரு நிமிடமாவது மானத்தோடு இருக்கலாம் என்று நிமிர்ந்து நின்று இறங்கினேன். ஓடையோரம் பனிக்கு அடியில் புதர் இருந்தால் உள்ளே வெற்றிடம் இருக்கும். இதை நானே வேனில் நூறு பேருக்கு எச்சரித்திருக்கிறேன். தலைகீழாக உள்ளே போனேன். வெளியே இரண்டு பலகைகள் மட்டும் தெரிந்தன.

மேலேயிருந்து டாக்டர் பெர்னிஸின் குரல் கேட்டது. "அசையாதீங்க. தலை எந்தப் பக்கம்னு மொதல்ல பாத்துக்கறேன்."

தோண்டி எடுத்தது அண்ணனும் தம்பியும்தான். கோபத்தில் தோண்டியதாலோ என்னவோ, மிக வேகமாகத் தோண்டினார்கள். என் வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு நன்றி சொன்னேன். ரீஸ் என்னைப் பார்த்தான். ஏதோ பலமாகச் சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். அவன் முகம் கோணி, பிறகு தாங்கமுடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டான். டால்டனும் மண்வாரியின்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். ஹாலிஸும் சிரித்தார். டோனெட்டா மட்டும் சிரிக்கவில்லை.

பெர்னிஸ் தன் ரொட்டியில் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தார். "என் ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தன் பாதியில நிறுத்தி, 'டாக்டர், எனக்கு இது தெரியாது'ன்னு சொன்னா நான் அவனுக்குப் பூங்கொத்து அனுப்புவேன்," என்றார்.

எனக்குக் கண் கலங்கியது.

"முன்னாடி நாளே சொல்றவனுக்கு இன்னும் பெரிய பூங்கொத்து," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் விருந்தினர்கள் போனபிறகு ஃபெரிஸ் எல்லோரையும் கூடாரத்தில் கூட்டினார். பேசியது டோனெட்டா. என்னைத் திட்டுவாள் என்று அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவள் எல்லோரையும் பார்த்துப் பேசினாள். "ஹாலிஸ் பின்னால சாயுறதை நான் காலையிலயே பார்த்தேன். புதுப்பனியில தெரியாதுன்னு விட்டுட்டேன். அது என் தப்பு, அதை எழுதிக் கொடுத்துட்டேன். ஆனா இவரு ஒரு தடவைகூட எறங்கலைன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். கேட்டுச் சிரிச்சீங்க. கேக்கற விருந்தாளிக்கு அது சிரிப்புன்னு எப்படித் தெரியும்? என்கிட்டயாவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?"

ஃபெரிஸ் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. மன்னித்தார் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், அந்த வேனின் மூன்றாவது கியரைப் போடத் தெரிந்த வேறு ஆள் மாவட்டத்திலேயே கிடையாது. தண்டனையாகப் பருவம் முடியும்வரை மரப்பெட்டியைச் சுத்தம் செய்கிற பொறுப்பு எனக்கு வந்தது. வேனுக்குள் ஒரு அறிவிப்புப் பலகையும் மாட்டச் சொன்னார்: 'சறுக்குவது பற்றி ஓட்டுநர் சொல்லும் எதையும் நம்பவேண்டாம்.' எழுத்துகளை நானே வரைந்தேன். 'எதையும்' என்பதன்கீழ் ஃபெரிஸ் கோடு போட்டார்.

டோனெட்டா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. நாலாவது வாரம் வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஏப்ரல்ல பனி இளகும். வேணும்னா இடுக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

ஹாலிஸ் மற்ற இரண்டு நாளும் வேறொரு வழிகாட்டியோடு கீழ்ச்சரிவுகளிலேயே சறுக்கினார். பின்னால் சாய்வதைப் பாதியாவது விட்டுவிட்டார். கடைசி நாள் மத்தியானம் சாலையோரம் மற்றவர்கள் இறங்கிவரக் காத்திருந்தபோது என் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"வீட்டுக்காரிகிட்ட வருஷம் பூரா இடுக்கு இடுக்குன்னே பேசியிருக்கேன்," என்றார். "இப்பப் போய் என்னன்னு சொல்றது?"

"இந்த விஷயத்துல எனக்கு அனுபவம் ஜாஸ்திங்க. அதனாலதான் நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

அவர் சிரித்தார். போனை எடுத்துக்கொண்டு இறங்கி, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு நடந்தார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஒரு தடவை வேனைக் காட்டினார். ஒரு தடவை தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"லோவெல், போன வருஷம் இன்னொண்ணு சொன்னீங்களே. இந்த வேன்ல கரடி ஏறி உக்காந்த கதை."

"அது நெஜம்."

அவர் என்னையே பார்த்தார்.

"ஏறல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச்சு."

இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் அவருடைய குழு ஒவ்வொருவராக மரங்களுக்கிடையே இறங்கி வந்துகொண்டிருந்தது. நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

"கால்தடம்தாங்க இருந்துச்சு," என்றேன். "அதையும் பாத்தது ஃபெரிஸ்."